தையல் யூனிட்டில் முதல் நாள்

பாறசாலை சந்தைக்குப் பின்னாலுள்ள தையல் யூனிட்டில் லில்லி முதல் நாளாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை நீலச் சீருடைத் துணியின்மேல் கோடுகோடாகப் போடுகிறது. எது வெயில் கீற்று, எது தைக்க வரைந்த சாக்பீஸ் கோடு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மடியில் போன் நாலாவது முறையாக அதிர்கிறது. சுகுமாரன்தான். புருஷன் விட்டுப்போன இந்த ஏழு வருஷமும் லாட்ஜ் அறைகளுக்கு அவளை அனுப்பிவைப்பவன். மகள் அபிஷா பள்ளிக்கூடத்தில், "எங்கம்மைக்கு தையல் ஜோலியாக்கும்" என்று சொல்ல ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. பிள்ளை சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் லில்லி இங்கே வந்திருக்கிறாள். பாக்கெட் தையல் பாம்புபோல வளைந்து போகிறது. மேற்பார்வை பார்க்கும் சரசம்மா குனிந்து பார்த்து, "பிரிச்சு அடி மக்கா, ஒண்ணும் பயப்படாண்டாம்" என்கிறாள். போன் மறுபடி அதிர்கிறது. "எடுத்துப் பேசு. வீட்டுலெ பிள்ளையாயிருக்கும்" என்கிறாள் சரசம்மா. லில்லி எடுக்கிறாள். "எங்கெ கிடக்கே? இங்கெ ஆளு வந்து காத்து நிக்கியாரு" என்கிறான் சுகுமாரன். "நான் தையல் ஜோலிக்கு வந்திருக்கேன். வரமாட்டேன்." அவன் சிரிக்கிறான். "செரி, எத்தனை நாளைக்கு?" அவளுக்கும் அது தெரியாது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் கடகடவென்று ஓடுகின்றன. "இன்னைக்கு வரமாட்டேன்" என்கிறாள், அந்த இரைச்சலுக்கும் மேலே. பக்கத்து மிஷின்காரி திரும்பிப் பார்க்கிறாள். லில்லி போனை அணைக்கிறாள். வளைந்துபோன தையலைப் பிரிக்க ஆரம்பிக்கிறாள்.