இன்னிக்கு எந்த நாடு?

"இன்னிக்கு எந்த நாடுங்க?"

"ஜார்ஜியா. பேசாம போய் உக்காரு, மாவு காயுது" என்றார் லிப்ட் மெக்கானிக், திரும்பிப் பார்க்காமல்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரைப் பிடித்த வெளிநாட்டுச் சமையல் பைத்தியம் இது. திருகாணி முடுக்கிப் பழகிய விரல்களால் மாவு வட்டத்தை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, உச்சியில் ஒரு குடுமி முடிந்துகொண்டிருந்தார். உள்ளே கொத்துக்கறியும் வெங்காயமும். நேற்று ஹங்கேரி, அதற்கு முந்தைய நாள் ஜப்பான். வீடியோவில் சொன்னதை ரிப்பேர் செய்யும் கையேடு மாதிரி அப்படியே செய்வார், ஒரு வரி விடமாட்டார்.

அவர் மனைவி மேசையில் போய் உட்கார்ந்தாள். ஆலை கேண்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். கேண்டீனம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மூடியைத் திறக்காமலே உப்புக் குறைவு சொல்லிவிடுவாள் என்று பேர் வாங்கியவள்.

அந்த மூக்கும் நாக்கும் போன வருஷக் காய்ச்சலோடு போய்விட்டன. வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த டாக்டரும் கையை விரித்துவிட்டார். காய்ச்சல் விட்ட அன்று தட்டில் இருந்த வழக்கமான சாப்பாட்டை ஒரு வாய் வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. முட்டிவலி என்று சொல்லி கேண்டீன் வேலையை விட்டாள். அதே முட்டிவலியைச் சொல்லி அடுப்படியையும் கணவர் கையில் ஒப்படைத்தாள்.

மனுஷன் இத்தனை ஆசையாகச் செய்து போடுவதெல்லாம் ஒரு மரக்கட்டை நாக்குக்கு என்று தெரிந்தால் இடிந்துபோவார். அந்த ஒரு பயம்தான் அவளுக்கு. நல்லவேளையாக அவருக்குப் பிடித்தது வெளிநாட்டுப் பைத்தியம். தெரிந்த சமையல் என்றால் ஒரே வார்த்தையில் மாட்டிக்கொள்வாள். ஹங்கேரிக்காரன் குழம்பைப் பற்றி யார் வந்து குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள்?

இன்று அதற்கும் ஆள் வந்திருந்தது. கணவரின் அக்கா, மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர்.

தட்டுகள் வந்தன.

"குடுமியைப் பிடிச்சுத் தூக்குங்க. ஓரமா கடிச்சு முதல்ல சாறை உறிஞ்சணும். குடுமியைத் தின்னக்கூடாது, தட்டுல வச்சிடணும். அதான் அந்த ஊர் வழக்கம்."

கேண்டீனம்மா கடித்தாள். சூடாகச் சாறு பாய்ந்து தாடையில் வழிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாவு வழுக்கியது, வெங்காயம் நறுக்கென்றது, மிளகு தொண்டையில் இறங்கிச் சுட்டது. ருசி தெரியாவிட்டாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நல்லா பாய்ஞ்சுதா? சூடு போதுமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அருமைங்க. உப்பு கனகச்சிதம்."

நாத்தனார் மெல்லுவதை நிறுத்தினார். "உப்பா? ஒரு கல்லுகூட இல்லையேம்மா இதுல."

கேண்டீனம்மா கடித்த மீதி கையிலேயே நின்றது. கேண்டீனம்மாவே உப்பில் தப்பினால் அதற்கு என்ன காரணம் சொல்வது?

"அங்க மலைப்பக்கத்து ஆளுங்க உப்பு போடாமத்தான் செய்வாங்க" என்றார் மெக்கானிக் சாவகாசமாக. "காலையிலயே அவகிட்ட சொன்னேன், அதான் கனகச்சிதம்னு கிண்டல் பண்றா. உனக்கு வேணும்னா மேல தூவிக்கோக்கா."

காலையில் அவர் எதுவும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலும் அவள் இல்லை. போன உயிர் திரும்பி வந்ததே போதும் என்று, முன்பின் தெரியாத அந்த மலைக்காரர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

நாத்தனார் விடவில்லை. "ராத்திரிக்காவது நம்ம வீட்டுச் சமையலா செய்டா."

"அதைத் தவிர வேற எது வேணா கேளு."

"ஏன், அதைச் செஞ்சா உன் கௌரவம் குறைஞ்சிடுமா?"

காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் அடுப்படிக்குப் போனார். அக்காவும் விடாமல் பின்னாலேயே போனார்.

கேண்டீனம்மா இன்னும் இரண்டை ரசித்துச் சாப்பிட்டாள். குடுமிகள் கிடந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை வந்தவள், உள்ளே நாத்தனாரின் குரல் கேட்டு நின்றாள்.

"உலகத்தையே சுத்தி வந்தவன் மாதிரி அலட்டிக்கிறே. உப்பில்லாததைத் தின்னுட்டு, உன் மனசு நோகக்கூடாதுன்னு அருமைங்கிறா, பாவம். ஒரு நாள் அவளுக்குப் பிடிச்சதைச் செஞ்சு போட்டா என்ன?"

குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"மெதுவா பேசுக்கா. உப்பு நான்தான் போட மறந்துட்டேன். அவளுக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது, அவ பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சிட்டிருக்கா. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

குரல் இன்னும் தாழ்ந்தது.

"நம்ம சாப்பாட்டை வச்சா, எது போச்சுன்னு ஒவ்வொரு வாய்க்கும் அவளுக்கு ஞாபகம் வரும்க்கா. இதெல்லாம் அவ முன்னப்பின்ன தின்னதே இல்ல, என்ன குறையுதுன்னு அவளுக்குத் தெரியாதில்ல?"