கீறல் விழாத முட்டைகள்

தானியக் கிடங்குக்கு இலைப்பை தைக்கும் வேலையைக் காட்டு அரசு எப்போதும் குரங்குகளுக்கே கொடுத்துவந்தது. இந்த முறை சின்னப் பறவைகளும் டெண்டர் போடலாம் என்று அறிவித்து, அவற்றுக்கு உதவக் குயிலை நியமித்தது.

குயில் தையல்சிட்டைத் தேடி வந்தது. "உன் தையலுக்கு முன்னால் குரங்கு நிற்குமா? டெபாசிட் மட்டும் வைத்துவிடு."

"இந்த முட்டைகளைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லையே, அக்கா."

"அதையே வை. மாலைக்குள் திரும்பி வந்துவிடும். முட்டையை அடுத்தவரிடம் விட இவ்வளவு பயமா? எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவரிடம்தான் விடுகிறோம்."

கிடங்கு அதிகாரியான ஆமை முட்டைகளை வாங்கிக் கல்பெட்டிக்குள் வைத்து மூடியது. மாலையில் சிட்டு போய் நின்றபோது, "குரங்குகள் இன்னும் டெண்டர் போடவில்லை. ஒருவர் மட்டும் போட்டால் திறக்கக் கூடாது. தேதியைத் தள்ளிவைத்துவிட்டோம்" என்றது ஆமை.

"அதுவரை நான் மேலே உட்கார்ந்துகொள்கிறேன், மேடம். ஆறிப்போய்விடும்."

"டெண்டரைத் திறக்கும்வரை டெபாசிட்டை யாரும் தொடக் கூடாதும்மா. நானும் முட்டையிட்டவள்தான். மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்துவிடுவேன். தானாகப் பொரியும்."

குரங்குகள் அடுத்த வாரம்தான் வந்தன. வேலை தையல்சிட்டுக்கே கிடைத்தது. ஆமை முட்டைகளைத் திருப்பிக் கொடுத்தது. "நன்றாகப் பார்த்து வாங்கிக்கொள். ஒரு கீறல்கூட இல்லை."

சிட்டு அவற்றைக் கூட்டில் வைத்து மேலே உட்கார்ந்தது. இலை பறிக்கக்கூடப் போகவில்லை.

ஆர்டரைக் கொண்டுவந்த குயில் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

"அதுதான் ஜெயித்துவிட்டாயே! இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டது. அதற்கு உண்மையாகவே புரியவில்லை.