நாலாயிரம் யென் கம்பி

"மாப்பிள்ளை தோள்ல என்னடி அது, பாம்பா?"

சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து நொபுயோ அம்மாள் மகள் சிஹாருவிடம் கேட்டாள்.

பாம்பு இல்லை. இரண்டு முனையும் வளைந்த, துருப்பிடித்த இரும்புக் கம்பி. மருமகன் தெப்பெய் அதைத் தோளில் சாத்திக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

"ஸ்டெபிலைசர் கம்பி, அத்தை. தகசாகி காயலான் கடைல அமுக்கிட்டேன். நாலாயிரம் யென்தான். புதுசுன்னா அறுபதாயிரம்!"

"ஏன், நம்ம வண்டில அது இல்லையா?"

"இருக்கு, ஆனா நோஞ்சான். இது நம்ம வண்டியோட ரேஸ் மாடல்ல இருந்து கழட்டினது. அப்படியே பொருந்தும்."

ரேஸ் என்றதுதான் தாமதம்.

"கேட்டியா சிஹாரு? முப்பத்தெட்டு வயசுல ரேஸ்! கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மலைக் கணவாய்ல கண்ணுமண்ணு தெரியாம ஓட்டினது பத்தலை போல."

தெப்பெய் தலையைச் சொறிந்தான். வீட்டோடு மாப்பிள்ளை. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"வளைவுல திரும்புறப்ப வண்டி ஒரு பக்கமா சாயும்ல அத்தை, அதை இது குறைக்கும்."

"சாயாம எங்க போகப் போறீங்களாம்?"

அவன் கொட்டகைப் பக்கம் நழுவினான்.

"என் அக்கா மலைக்கு அந்தாண்ட படுத்த படுக்கையா கிடக்கா. அவ மூஞ்சியைப் பார்த்து ஒன்பது வருஷமாச்சு. இங்க என்னடான்னா வண்டிக்கு அலங்காரம் நடக்குது!"

நொபுயோ அம்மாளின் துக்கம் அதுதான். அக்கா மசுயோவின் ஊருக்குப் போக நாற்பத்தோரு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். ஐந்தாவது வளைவிலேயே இவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். பஸ்ஸுக்கும் அதே பாதைதான். மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவையும் பாதியில் திரும்பியாயிற்று.

"மாத்திரை போட்டுக்கிட்டுப் போலாம்னா கேக்க மாட்டேங்கறீங்களேம்மா."

"போட்டா தூங்கிடுவேன். தூங்கிக்கிட்டே போய்ச் சேர நான் என்ன பார்சலா? கார்ல உக்கார்றதுக்கு மருந்து தின்னவ எங்க வம்சத்துலயே கிடையாதுடி."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க தெப்பெய் வண்டிக்கு அடியில் கிடந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். சிஹாரு அந்தக் கால்களிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"கம்பி நாலாயிரம், சரி. ரப்பர் புஷ், போல்ட், நட்டெல்லாம் புதுசா மின்னுதே. அதுக்குக் காசு ஏது?"

"சோத்துருண்டை."

"என்னது?"

"ஒரு மாசமா நான் வேலை பாக்கிற மில்லுக்கு எதிர்ல இருக்கிற ராமென் நூடுல்ஸ் கடைப் பக்கமே போகலை. மத்தியானத்துக்கு வெறும் சோத்துருண்டைதான்."

"உடம்பு இளைக்கணும்னு சொன்னீங்களே!"

"இளைச்சிருக்கேனா இல்லையா?"

"விளையாடாதீங்க. அம்மா கேக்கறது நியாயம்தானே? யாருக்காக இந்த ரேஸ் கம்பி?"

கால்கள் இரண்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

"உங்கம்மாவுக்காகத்தான். வண்டி சாயலேன்னா குமட்டாதுன்னு தோணிச்சு. இப்ப சொல்லிடாதே. வேலை செய்யலேன்னா மானம் போயிடும்."

சிஹாரு குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். அதற்குள் சமையலறை ஜன்னலில் இருந்து அம்மாவின் குரல் வந்துவிட்டது.

"காலைப் பிடிச்சு மாப்பிள்ளையை வெளிய இழுடி! நூடுல்ஸ் ஆறிப் போகுது!"

அடுத்த விடுமுறை நாள். தெப்பெய் கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"அத்தை, ஏறுங்க. பெரியம்மாவைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"பாதியில திரும்பறதுக்கா?"

"இந்தத் தடவை சாயாது."

முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினாள். மடியில் பிளாஸ்டிக் பை. ஐந்தாவது வளைவு போயிற்று. பத்தாவதும் போயிற்று. இருபதாவது வளைவில் லேசான குறட்டை கேட்டது.

"பாத்தியா!" தெப்பெய் பின் இருக்கையிலிருந்த மனைவியிடம் கிசுகிசுத்தான். "தொட்டில் மாதிரிப் போகுது. தூக்கமே வந்துடுச்சு!"

அவன் கண் பளபளத்ததை அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

"கிழவி ஆயிட்டேடி," என்றாள் படுக்கையிலிருந்த மசுயோ.

"நீ மட்டும் குமரியாக்கும்!" என்றாள் நொபுயோ அம்மாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கோத்த கையை, சாப்பிடக் கூப்பிட்டும் விடவில்லை.

வீடு திரும்பி இறங்கியதும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி நொபுயோ அம்மாள் சொன்னாள்:

"மாப்பிள்ளை, உங்க கம்பி கெட்டிக்காரக் கம்பி. வண்டி ஒரு துளி சாயலை!"

தெப்பெய்க்குக் காது வரை சிவந்துவிட்டது. "அடுத்த மாசமும் போலாமா அத்தை?"

"போகாம? இன்னும் பாதிக் கதை பாக்கி இருக்கே."

பெரியம்மா கொடுத்த ஊறுகாயை எடுத்து வைக்க, சிஹாரு அம்மாவின் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு மாத்திரை அட்டை. வண்டியில் குமட்டாமல் இருக்கப் போடுவது. இரண்டு குழிகள் காலி. கூடவே மருந்துக்கடை ரசீது. வாங்கிய தேதி, தெப்பெய் வண்டிக்கு அடியில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.

"அம்மா... இது..."

நொபுயோ அம்மாள் சட்டென்று அதைப் பிடுங்கி மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். வாசலில் தெப்பெய் சீட்டியடித்தபடி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கத்தாதே. அன்னிக்கு ஜன்னல் திறந்துதான்டி இருந்துச்சு."

"அப்போ அந்தக் கம்பி?"

"எனக்காக அந்த மனுஷன் ஒரு மாசம் வெறும் சோத்துருண்டை தின்னிருக்காரு," என்றாள் நொபுயோ அம்மாள். "அது வேலை செய்யாம இருக்கலாமாடி?"