றெக்கை மேலே போகணும்

"இன்னையோட சரி, இனி ஆர்மோனியத்தைத் தொடமாட்டேன். என் மெட்டு எவனுக்கு ஞாபகம் இருக்கு?" என்றார் பாஸ்கல் வாத்தியார்.

முப்பது வருடமாகப் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகங்களுக்கு இசை போட்டவர். நாலைந்து நாளாகவே விலகப்போவதாகச் சொல்லி வந்தவர், தனக்கு எடுத்த பாராட்டு விழா மேடையிலேயே ஆர்மோனியப் பெட்டிக்கு மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். அவர் இல்லாமல் இந்த வருட நாடகம் எப்படி நடக்கும்?

வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் ஆண்டனிராஜ், வாழ்த்துக் கவிதையோடு மேடை ஏறினான். வாத்தியார் மெட்டிலேயே பாடினான்:

"ஏரோது பாட்டுக்கு இவர் போட்ட மெட்டு,
ஏழு புள்ளைக அழுதுச்சு பால்புட்டிய விட்டு!
சாத்தானுக்குப் போட்டதோ குத்துப் பாட்டு,
சம்மனசும் ஆடுச்சு றெக்கையக் கழட்டிப் போட்டு!"

தேவதூதன் றெக்கையைக் கழற்றியதில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் காதைப் பொத்தினார். பாட்டு, மண்டி ஏலம் போலவே இருந்தது.

"ஏலே, றெக்கை மேல போகணும்ல? ஏன் சுதியக் கீழ இறக்குற?"

"இப்படியா சார்?" இன்னும் கீழே போனான்.

"கொல்லாதலே, நிறுத்து!"

சட்டைப் பையைத் துழாவிச் சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்து வாசித்தே காட்டினார். ஏரோது, யூதாசு, சாத்தான் என்று ஒவ்வொரு மெட்டாக வந்தது. கூட்டமே கூடச் சேர்ந்து பாடியது.

"நாளைக்கே ஒத்திகை!" என்று கத்தியவர், சட்டென்று ஆண்டனிராஜ் பக்கம் திரும்பினார்.

"ஏலே, பதினெட்டு வருஷமா என் நாடகத்துல சாத்தான் பாட்டைப் பாடுறவன் நீதான். ஒருநாளும் சுதி தப்புனதில்லையே?"

"நாலு நாளா மூட்டை தூக்கிக்கிட்டே தப்பாப் பாடிப் பழகுனேன் சார். சரியாப் பாடுறதைவிட அதுதான் கஷ்டமாப் போச்சு."