முழங்கையால் எடுத்த போன்

வயிறு வலிக்கச் சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. ஆனால் உடனே கிடைக்காது. முதலில் ஒரு வழக்கு.

மைனாவின் அப்பா எலும்பு சர்ஜன். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை ஒரே கடிதத்தில் உதறிவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி சும்மா விடுமா? 'மூன்று மாத நோட்டீஸ் தரவில்லை. வழக்கு முடியும்வரை வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் செய்யக்கூடாது' என்று கோர்ட்டில் தடை வாங்கிவிட்டது.

அன்றிலிருந்து அப்பா அறுப்பதெல்லாம் வெங்காயம்தான்.

"நோயாளிங்க நலனுக்காக வெளியே வந்தேன். கொள்கை!" என்பார் வக்கீலிடம், அம்மாவிடம், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம்கூட.

மைனா என்பது அவர் மகளுக்கு வைத்த பட்டப்பெயர். காதில் விழுந்த குரலை அப்படியே திருப்பித் தருவாள். தலைமையாசிரியை குரலில் பள்ளிக்கே லீவு விட்டு, அப்புறம் ஒரு வாரம் தான் மட்டும் லீவில் உட்கார்ந்த மேதை.

திங்கட்கிழமை தன் அறையிலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டாள், ஆஸ்பத்திரி நிர்வாகி மேடம் குரலில்.

"ம்க்கும்... டாக்டர், சட்டம்னா சட்டம்தான். வெங்காயம் வெட்டவும் எங்க அனுமதி வேணும்."

அப்பா நிஜமாகவே கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இல்லை, நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

புதன்கிழமை மறுபடி ஏமாந்தார். "மூணாவது தடவையும் ஏமாந்தா நான் சர்ஜனே இல்லடி!" என்று சபதம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைனா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் போன் அடித்தது. அப்பா அப்போதுதான் கை கழுவி, ஆபரேஷன் தியேட்டர் பழக்கத்தில் ஈரக் கைகளை உயர்த்திப் பிடித்திருந்தார். வழக்கம்போல யார் என்று பார்க்காமல் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ம்க்கும்... டாக்டர், நான் ஆஸ்பத்திரியிலிருந்து..."

"வாடி என் மேடம்! இருமல் இன்னிக்குப் பிரமாதம்!"

"டாக்டர்?"

"சட்டம்னா சட்டம்தான்... அதையும் சொல்லிடு!"

குளியலறை வாசலுக்கு வந்த மைனா அப்படியே நின்றாள். நல்ல மகளாக இருந்தால் ஓடிப்போய்த் தடுத்திருப்பாள். இவளோ குரலைக் கவனித்தாள். அந்த இருமலில் ஒரு களைப்பு இருந்தது. தான் போட்ட இரண்டு போனிலும் அந்தக் களைப்பை அவள் கொண்டுவரவே இல்லை. சே, என்ன மிமிக்ரி!

"வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும் டாக்டர். அந்த பஸ் டிரைவருக்கு ரெண்டாவது இடுப்பு ஆபரேஷன் பாக்கி இருக்கே? உங்களைத்தான் கேட்கறார். தடை மத்த ஆஸ்பத்திரிக்குத்தான். இங்கே வந்து செய்யுங்க. டிரஸ்டிங்ககிட்ட சண்டை போட்டு ஒத்துக்க வெச்சிருக்கேன்."

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"அவரை வெச்சு விளையாடாதே கண்ணு. அவரை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல." குரல் தாழ்ந்தது. "உன்கிட்ட சொல்றதுக்கு என்ன... கொள்கையாவது கத்தரிக்காயாவது! ஒண்ணாம் நம்பர் தியேட்டரை ஜூனியருக்குக் கொடுத்துட்டாங்க. ரோஷம் வந்துடுச்சு. பாதி வைத்தியத்துல ஒரு மனுஷனை விட்டுட்டு வந்துட்டேன். அந்த மூணு மாச விதியை எழுதின கமிட்டியிலே நானும் இருந்தேன்டி! மேடம் மேல ஒரு தப்பும் இல்ல. வெளியே சொல்லிடாதே, என்ன?"

ஸ்பீக்கர் மெதுவாக இருமியது.

"சொல்லமாட்டேன் டாக்டர். வியாழக்கிழமை காலை ஏழு மணி. ஒண்ணாம் நம்பர் தியேட்டரே தரச் சொல்றேன்."

"அடடா, அச்சு அசல் அவங்களேதான்! எங்கேடி கத்துக்கிட்டே?" என்று திரும்பினார் அப்பா.

வாசலில் மைனா. வாய் நிறைய நுரை. ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் துண்டு.

"ம்க்கும்..." என்றது போன். "லைன்லதான் இருக்கேன் டாக்டர்."

உயர்த்திய அப்பாவின் கைகள், போலீஸைக் கண்ட திருடனுடையவை போல, இன்னும் கொஞ்சம் மேலே போயின.