செல்லோவுக்கு ஒரே சுரம்

"செல்லோவுக்கு நாலு பக்கமும் ஒரே சுரம்தானா? வாசிக்கிறவர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினார்?"

புல்லாங்குழல்காரி தாள்களை மேசைமேல் போட்டாள்.

என்றோ ஒரு மகானுபாவர் காதலில் உருகி, பியானோவுக்கு மட்டும் எழுதிவைத்த இசை. அதைப் புல்லாங்குழலுக்கும் இரண்டு வயலினுக்கும், வயலினின் பெரியண்ணனான செல்லோவுக்கும் பிரித்து எழுதும் வேலை பியானோக்காரர் தலையில் விழுந்திருந்தது.

"செல்லோ அஸ்திவாரம் மாதிரி. அஸ்திவாரம் ஆடினா வீடு நிக்குமா?" என்றார் அவர், பென்சிலைச் சீவியபடி.

"எனக்கு மூச்சு விடவே இடமில்லை."

"மூச்சு விடாமப் பேசறவளுக்கு அது ஒரு கஷ்டமா?"

"உங்களோட குடித்தனம் பண்ணி வந்த பழக்கம்."

அவர் மேசையெல்லாம் தடவித் தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை, அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்து நீட்டினாள். எங்கே மறந்து வைப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

"பேசாம பியானோவையே வச்சுக்கலாமே. நானே வந்து வாசிக்கறேன்."

"ஹால்ல பியானோ இல்லை."

"இல்லையா, வேண்டாம்னுட்டாங்களா?"

அவள் கலைந்த தாள்களை அடுக்கி வைக்கத் தொடங்கினாள். உலக அதிசயம்தான்.

"நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி செல்லோ வாசிக்கிறவர் அசடு வழியணுமா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உங்க பேர்தான் கெடும்."

பேர் கெடும் என்றதும் பியானோக்காரருக்கு ரோஷம் வந்தது. ரோஷம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ரப்பரை எடுத்து நடுப்பகுதியை முழுக்க அழித்தார். இசையின் உயிரே அந்த இடம்தான். அதை அப்படியே செல்லோவுக்குத் தூக்கிக் கொடுத்து, புல்லாங்குழல் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும்படி எழுதினார். போனால் போகிறதென்று மூச்சு விடவும் இடம் வைத்தார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். கண்கள் அங்கேயே நின்றன.

"இது நீங்க யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடமாச்சே."

"இனிமே அவர் வாசிக்கட்டும். கெடுக்காம இருந்தாச் சரி."

தெருவில் கார் ஹாரன் அடித்தது.

"செல்லோக்காரருக்குப் பொறுமை ஜாஸ்தி போலிருக்கு. கிளம்பு."

கதவருகே போனவள் திரும்பினாள். "நாளைக்கு வருவீங்கல்ல?"

"வராம? நீயும் மாப்பிள்ளையுமே குழலும் செல்லோவுமா மேடையில உக்காந்துட்டா, கல்யாணத்துக்கு வர்றவங்களை 'வாங்க'ன்னு சொல்ல ஒருத்தர் வேணாமா?" என்றார், அவளுடைய முன்னாள் கணவர்.