கணுப் பலகை

ஹால்வோர் சுத்தியலை ஓங்கிப் பலகையில் ஒரு போடு போட்டார். பைன் பலகையில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பத்தாது. இதைவிட மெத்துனு இருக்கிற மரம் கிடைக்குமா?" என்றார்.

தரை போட வந்திருந்த ஆஸ்முண்ட் முழித்தார். அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளுக்குத் தரை போட்டவர் அவர். குழி விழாத மரம் வேண்டும் என்று உயிரை எடுப்பவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

"கிடைக்கும். வேகமா வளர்ந்த பைன். நகம் பட்டாலே தடம் விழும். அது எதுக்கு உங்களுக்கு? மலை மேல மெதுவா வளர்ந்த மரம் வாங்குங்க. மேல ரெண்டு கை வார்னிஷ் அடிச்சுட்டா உங்க காலத்துக்கும் தாங்கும்."

"வார்னிஷ் பேச்சே வேண்டாம். சாம்பல் காரத்தண்ணி விட்டு, சோப்புப் போட்டுத் தேய்ச்சு விடுங்க. வெறும் மரமா இருக்கணும்."

ஆஸ்முண்ட் பையிலிருந்து ஒரு பழைய பலகைத் துண்டை எடுத்துப் போட்டார். "சோப்புப் போட்டுத் தேய்ச்ச தரை கடைசியில இப்படித்தான் ஆகும். மெத்துனு இருக்கிற இடமெல்லாம் தேஞ்சுபோய், கணு மட்டும் புடைச்சுக்கிட்டு நிக்கும். பார்க்கவே நல்லா இருக்காது."

ஹால்வோர் அதைக் காலுறை போட்ட காலால் மிதித்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "இந்த மாதிரிதான் வேணும். மாடிப்படிக்கு முன்னாடி இதையே போடுங்க."

அந்தச் சிரிப்பு ஆஸ்முண்டுக்குப் பிடிக்கவில்லை. ஹால்வோர் வெளியூர் மாப்பிள்ளை. ஊரில் யாரோடும் ஒட்டாதவர், இந்த வருஷம் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் மனைவி சிக்னேவையும் தேவாலயத்தில் பார்த்து மாதக்கணக்காகிறது.

அப்போது சிக்னே காபி கொண்டுவந்தாள். ஆஸ்முண்டோடு ஒரே வகுப்பில் படித்தவள். அந்தக் காலத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத பையன் இல்லை. இன்று அவள் நெற்றி வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கன்றிப்போன நீலத் திட்டுகள்.

"நெத்தியில என்ன, சிக்னே?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அடி வாங்குகிற பெண்கள் எல்லோரும் சொல்லும் பதில்தான். அதையும் அவள் ஆஸ்முண்டின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கோப்பைக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு காபி ஊற்றினாள். விரலைச் சுட்டதும்தான் நிறுத்தினாள். பயத்தில் கை கால் ஓடவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டார் ஆஸ்முண்ட்.

"அவ இனிமே எங்கேயும் போகமாட்டா. இந்த வீட்டுக்குள்ளேயேதான் இருப்பா" என்றார் ஹால்வோர். "அதுக்குத்தான் இந்தத் தரை."

சொல்லிவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தார். பலகையில் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக நாலு அடி. கொஞ்சம் தள்ளி ரெண்டு. ஒவ்வொரு அடிக்கும் சிக்னேவின் உதடுகள் அசைந்தன. ஆஸ்முண்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒவ்வொரு அடியும் அப்படியே நிக்கணும்" என்றார் ஹால்வோர். "மறையவே கூடாது."

அடுப்புக்கு விறகு எடுக்க அவர் கொட்டகைக்குப் போனார். சுத்தியலையும் கையோடு கொண்டுபோனார்.

அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பது அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெண்ணைப் புருஷன் அடித்தே கொன்றபோதும், தெரியாமல் போச்சே என்று ஊரே சொன்னது. ஆஸ்முண்டும் சொன்னார். அவருக்கு முன்பே தெரியும் என்பதுதான் உண்மை. அதிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது.

"சிக்னே" என்றார் ரகசியக் குரலில். "என் வண்டி கீழதான் நிக்குது. ஷூவை மட்டும் மாட்டிக்கிட்டு வா. டவுன்ல என் அக்கா வீடு இருக்கு. அங்க வந்து உன்னை ஒருத்தனும் தொடமுடியாது."

"நான் எதுக்கு வரணும்?"

"சுத்தியலைக் கையில வெச்சுக்கிட்டு அவன் பேசுற பேச்சைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? உன் நெத்தி, உன் காலு... எனக்கும் கண்ணு இருக்கு. சீக்கிரம் வா, திரும்பி வந்துடப் போறான்."

சிக்னே சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோனது.

"அவரைப் போயா அப்படி நினைச்ச? பச்சைக் குழந்தை மாதிரி என்னைப் பார்த்துக்கிறவரு. ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாது, யாரும் வந்து உச்சுக் கொட்டக்கூடாதுன்னு நான்தான் அவர் வாயைக் கட்டிவெச்சிருக்கேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு வந்தாள். ஒரு காலுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் குழிகளை மெல்லத் தடவினாள். "நாலு குழி. இது அடுப்பு, கிட்ட போகக்கூடாது." கால் நகர்ந்தது. "ரெண்டு. இது வாசல்." பக்கத்தில் கிடந்த பழைய துண்டில் கட்டைவிரல் இடறி நின்றது. "கணு. இதோட மாடிப்படி ஆரம்பிக்குது."

கொட்டகைப் பக்கமிருந்து ஹால்வோரின் காலடிச் சத்தம் கேட்டது.

"பனி உருகுறதுக்குள்ள எனக்குப் பார்வை சுத்தமாப் போயிடுமாம், ஆஸ்முண்ட்."